நாகப்பட்டினத்துச் சீனக் கோபுரம்

மலாக்கா நகரில் பொற்கொல்லர் தெரு என்று பொருள்படும் சிறு தெரு ஒன்று உண்டு. அங்குச் சீனர் கட்டிய செங் ஊன் தெங் கோயிலும், தமிழ் முஸ்லிம்களின் பெயரால் வழங்கும் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், மலாக்காச் செட்டிகளின் பொய்யாத விநாயகர் கோயிலும் சில நூறு அடி இடைவெளிக்குள் நிற்கின்றன. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சீனர் குடியிருப்பும் தமிழர் குடியிருப்பும் இப்படியே தோள் உரசி நிற்பதைக் காணலாம். கடல் கடந்து சென்ற தமிழர் சீனரின் அண்டை வீட்டாராக வாழ்ந்தது நாம் நன்கு அறிந்த செய்தி. சீனர் இக்கரைக்கு வந்து தமிழரின் அண்டை வீட்டாராக வாழ்ந்தார்களா என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

காவிரிக் கழிமுகத்தில் அக்கேள்விக்கு விடை தேடத் தகுந்த ஊர் நாகப்பட்டினம். ஊருக்கு வடக்கே ஒன்று அல்லது இரண்டு மைல் தொலைவில், கடலில் செல்லும் கப்பல்களுக்கு அடையாளமாக, செங்கற்கோபுரம் ஒன்று 1867 வரை நின்றது. உள்ளூர் மக்கள் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றனர். ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றும் கறுப்புக் கோபுரம் என்றும் எழுதினர். அரசாங்க நில அளவைப் படத்திலோ அது ‘சைன’க் கோபுரம், அதாவது சமணக் கோபுரம். சீனமா, சைனமா என்ற இந்த ஓரெழுத்துக் குழப்பம் பிற்கால ஆய்வாளரையும் விட்டபாடில்லை.

கோபுரத்தைக் கட்டியவர் யார்? அது ஏன் இன்று இல்லை? இரண்டையும் பார்ப்பதற்கு முன், சீனர் இங்கு வந்து தங்க வேண்டிய தேவை என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

துறவிகளின் வழி

நாகப்பட்டினத்தின் பெயர் சீன எழுத்தில் கி.பி. 7ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. இந்தியாவுக்குப் பயணம் செய்த பௌத்தத் துறவி யீஜிங், தமக்கு முன்னும் பின்னும் வந்த துறவிகளின் வழிகளைக் குறித்து வைத்தார். கடாரத்திலிருந்து மேற்கே முப்பது நாள் கடலில் வந்தால் நாகப்பட்டினம், அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை என்ற கணக்கு அவர் குறிப்பில் உள்ளது. அன்றைக்கு அது பல்லவர் காலத்துத் துறை. பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மன், இராசசிம்மன் என்று நாம் அறிபவன், 720ஆம் ஆண்டு வாக்கில் தாங் பேரரசனுக்காகத் தன் நாட்டில் கோயில் ஒன்று எழுப்பி அதற்குப் பெயர் கேட்டுத் தூது அனுப்பியதாகச் சீன வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. பேரரசனும் பெயர் எழுதி அனுப்பினான். அக்கோயில் எந்த ஊரில் இருந்தது என்பதை அக்குறிப்புகள் சொல்லவில்லை. நாகப்பட்டினத்தில்தான் என்று சிலர் எழுதுவது ஊகம் மட்டுமே.

காத்திருப்பு என்னும் தொழில்

சோழர் காலத்தில் நிலைமை மாறியது. துறவிகளின் வழி வணிகர் வழியாயிற்று. முதலாம் இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சோங் பேரரசனின் அவையை அடைந்தது. ஐம்பத்திரண்டு பேர் கொண்ட அக்குழு முத்து, யானைத் தந்தம், சாம்பிராணி முதலியவற்றைக் காணிக்கையாகக் கொண்டு சென்றது. குழு சீனத்தை அடையும்போது அனுப்பிய அரசன் உயிரோடு இல்லை. இராசராசன் 1014இல் மறைந்துவிட்டான்.

அந்தப் பயணத்தைப் பற்றிச் சோங் வரலாறு தரும் கணக்கு கூர்ந்து நோக்கத்தக்கது. புறப்பட்டதிலிருந்து குவாங்சோ துறையை அடையும் வரை 1,150 நாட்கள். வழியில் ஒவ்வொரு கட்டத்திற்கும் கடலில் ஓடிய நாட்களையும் அவ்வரலாறு தனித்தனியே தருகிறது: 77, 61, 71, 18, 20. கூட்டினால் 247 நாட்கள்தாம் வருகின்றன. மீதி ஏறத்தாழ 900 நாட்கள் எங்கே போயின? துறைகளில் தங்கியதிலும் காற்றுக்குக் காத்திருந்ததிலும் போயின.

வங்கக் கடலில் பாய்மரம் கட்டியவன் காற்றின் அடிமை. வடகிழக்குப் பருவக்காற்று சீனத்திலிருந்து தெற்கே கொண்டுவரும், சுமத்திராவிலிருந்து மேற்கே தள்ளும். திரும்பிச் செல்லத் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்க வேண்டும். 1178இல் நூல் எழுதிய சௌ சூஃபெய் என்னும் சீன அதிகாரி, அரபு நாடு செல்லும் சீன வணிகர் கொல்லத்தில் இறங்கிச் சிறு கலங்களுக்கு மாறுவர் என்றும், போய்த் திரும்ப இரண்டு ஆண்டுகள் ஆகும் என்றும் எழுதுகிறார். ஆகவே கடல் வணிகன் எவனும் அயல்துறையில் மாதக்கணக்கில் குடியிருந்தே தீர வேண்டும். குடியிருப்பவனுக்குக் கிடங்கு வேண்டும், சமையல் வேண்டும், நோய்வாய்ப்பட்டால் பார்க்க ஆள் வேண்டும், இறந்தால் புதைக்க இடம் வேண்டும், தன் தெய்வத்துக்கு ஓர் இடமும் வேண்டும். ஆசியத் துறைமுகங்களில் அயலார் பேட்டைகள் உருவானதற்குப் படையெடுப்பை விடப் பருவக்காற்றே பெரிய காரணம் என்பது என் கருத்து. மலாக்காவுக்குப் பொருந்தும் இது நாகப்பட்டினத்துக்கும் பொருந்தும்.

அடுத்த தூது 1033இல் முதலாம் இராசேந்திரன் பெயரில் சென்றது. மூன்றாவது தூது முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1077இல் சென்றது. அதில் எழுபத்திரண்டு பேர் இருந்தனர். அவர்களுக்குச் சீன அரசு 81,800 கோவைச் செப்புக் காசுகளைக் கொடுத்தது. காணிக்கை, அன்பளிப்பு என்ற சொற்களால் மூடப்பட்டிருந்தாலும் இது நல்ல வணிகம்தான்.

இத்தனைக்கும் சீன அவையில் சோழநாட்டின் மதிப்பு சரியாக அறியப்படவில்லை என்பது வேடிக்கை. 1106இல் பர்மாவின் பகான் தூதர்களுக்கு எந்த நிலையில் வரவேற்பு அளிப்பது என்ற பேச்சு வந்தபோது, சோழம் ஸ்ரீவிசயத்துக்குக் கீழ்ப்பட்ட நாடு என்று சீன அதிகாரிகள் தம் அரசனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இராசேந்திரனின் கப்பற்படை ஸ்ரீவிசயத்தின் துறைகளைத் தாக்கி எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன! இடையில் இருந்த ஸ்ரீவிசய வணிகரே சீனருக்கு இப்படிச் சொல்லி வைத்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் தான்சென் சென் போன்றோர் கருதுகின்றனர். அது உண்மையானால், நேரடியாகச் சீனத்துடன் பேசச் சோழர் ஏன் அவ்வளவு முயன்றனர் என்பதும் விளங்கும்.

ஆனைமங்கலத்து நெல்

அந்த ஸ்ரீவிசயம்தான் நாகப்பட்டினத்தில் முதற்பெரும் அயல்நாட்டுக் கட்டடத்தை எழுப்பியது. இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டு வாக்கில், கடாரத்து அரசன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் எடுத்த புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வரி வருவாய் விடப்பட்டது. தொண்ணூற்றேழு வேலிக்கும் சற்றுக் கூடுதலான நிலம், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,900 கலம் நெல். தந்தை தொடங்கியதை மகன் ஸ்ரீமாறவிசயோத்துங்கவர்மன் முடித்தான். இராசராசன் வாயால் சொன்ன அறத்தை இராசேந்திரன் செப்பேட்டில் பொறித்துக் கொடுத்தான். இருபத்தொரு ஏடுகள் கொண்ட அச்செப்பேடு டச்சுக்காரர் காலத்தில் ஹாலந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததால், ஆனைமங்கலச் செப்பேடு என்பதை விட லெய்டன் செப்பேடு என்ற பெயரே நிலைத்துவிட்டது.

கடல் கடந்த மன்னனின் பள்ளியில் தங்கிய துறவிகளுக்குக் காவிரி பாய்ந்த வயல் சோறு போட்டது. நாகையின் வணிகத்துக்குப் பின்னால் அந்த நெல் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1090இல் குலோத்துங்கன் அளித்த சிறிய செப்பேடு, நாகையில் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்று இரண்டு பள்ளிகளைக் குறிக்கிறது. அரசனின் பெயரைப் பள்ளிக்கு வைப்பது அயல் வணிகர் அரசனைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளும் முறைகளுள் ஒன்று.

அதே ஊரின் காயாரோகணசுவாமி கோயிலில், இராசேந்திரனின் தொடக்க ஆண்டுகளில், ஸ்ரீவிசய அரசனின் ஆட்கள் சிவன் கோயிலுக்கும் கொடை கொடுத்திருக்கிறார்கள். ஒரு கல்வெட்டு, கொடுத்த பொன்னைச் ‘சீனக்கனகம்’ என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சீனப் பொன்னுக்குத் தனிப்பெயர் இருந்தது என்றால் அது இங்கே அடிக்கடி கைமாறியது என்றே கொள்ளலாம்.

பட்டுக்கோட்டை வட்டத்து விக்கிரமம், ஒலயகுன்னம், மன்னார்குடி வட்டத்துத் தாலிக்கோட்டை ஆகிய ஊர்களில் சீனச் செப்புக் காசுப் புதையல்கள் கிடைத்துள்ளன. தாலிக்கோட்டையில் மட்டும் 1,800க்கும் மேற்பட்ட காசுகள். இவை துறைமுகங்கள் அல்ல, நெல் விளையும் உள்நாட்டு ஊர்கள். நடுவில் சதுரத் துளையிட்ட அக்காசுகளைக் கோவையாகக் கட்டி எண்ணுவது சீனர் வழக்கம். இங்கே கடைத்தெருவில் காசாகவே செல்லுபடியாயின என்று சொல்ல ஆதாரம் போதாது. உருக்கிப் பாத்திரமும் திருமேனியும் செய்ய உதவும் செம்பாக அவை மதிக்கப்பட்டிருக்கலாம்.

வாங் தாயுவான் கண்டது

இனி கோபுரத்துக்கு வருவோம். யுவான் அரசு காலத்துச் சீனப் பயணி வாங் தாயுவான், தாம் கப்பலில் சென்று பார்த்த நாடுகளைப் பற்றி 1349இல் ஒரு நூல் எழுதினார். அதில் ‘மண் கோபுரம்’ என்ற தலைப்பில் ஒரு பகுதி உள்ளது. பாதான் என்னும் இடத்துச் சமவெளியில், மரங்களும் கற்களும் சூழ, செங்கல்லாலான உயர்ந்த கோபுரம் ஒன்று நிற்கிறது என்கிறார். சியான்சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் பணி முடிந்தது என்று அதில் சீன எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்ததாம். அவ்வாண்டில் அங்கு வந்த சீனர் எழுதியது என்றும், எழுத்து இன்னும் அழியவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். பாதான் என்பது ‘பட்டினம்’ என்பதன் சீன ஒலிப்பு. சியான்சுன் மூன்றாம் ஆண்டு என்பது 1267.

அந்த ஆண்டைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். சோழநாட்டில் மூன்றாம் இராசேந்திரன், பாண்டியரின் மேலாண்மைக்குக் கீழ், பேருக்கு அரசனாக இருந்தான். சீனத்தின் தெற்கில் சோங் மரபு மங்கோலியரின் முற்றுகையில் திணறிக்கொண்டிருந்தது. மூன்றாம் இராசேந்திரனைப் பற்றிய கடைசிச் சான்று 1279ஆம் ஆண்டுக்குரியது. சோங் மரபின் கடைசிச் சிறுவன் கடலில் மாண்டதும் அதே 1279இல். இரண்டு அரசுகளும் சாய்ந்துகொண்டிருந்த காலத்தில் வணிகர் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தூதுக்குழுக்கள் தொடங்கிய உறவை இப்போது அரசர் யாரும் நடத்தவில்லை.

மறுகரையிலும் இதே காட்சிதான். சீனத்தின் குவான்சோ துறைமுகத்தில் 1956இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சகம் 1203, சித்திரைத் திங்கள், அதாவது 1281ஆம் ஆண்டு ஏப்ரலில் பொறிக்கப்பட்டது அது. சம்பந்தப் பெருமாள் என்பவர் செகாசைக்கானின் நன்மைக்காக, அவனுடைய அனுமதியின் பேரில் சிவன் திருமேனியை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. செகாசைக்கான் என்பது குப்ளாய் கான். அக்கோயில் இன்று இல்லை. அதன் செதுக்குக் கற்கள் ஊரெங்கும் சிதறிக் கிடந்தன, சில தூண்கள் கையுவான் புத்த கோயிலில் இன்றும் தாங்கி நிற்கின்றன. குவான்சோவில் அயல்நாட்டார் பேட்டை நகரின் தென்பகுதியில் இருந்தது.

நாகையில் சீன எழுத்துப் பொறித்த கோபுரம் 1267இல், குவான்சோவில் தமிழ் எழுத்துப் பொறித்த சிவன் கோயில் 1281இல். இடையில் பதினான்கே ஆண்டுகள். ஒரே கடல்வழியின் இரண்டு முனைகள் இவை. குவான்சோவில் தமிழர் பேட்டை இருந்தது என்று தயங்காமல் எழுதுகிற நாம், அதே அளவு சான்றுள்ள நாகையில் சீனர் பேட்டை இருந்தது என்று எழுதத் தயங்குவதற்குக் காரணம் ஒன்றுதான்: அங்கே கல் கிடைத்தது, இங்கே கிடைக்கவில்லை.

மற்றொரு சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. பர்மாவின் பெகு நகரில் தம்மசேதி மன்னன் 1476இல் பொறித்த கல்யாணிக் கல்வெட்டு, இலங்கை சென்று திரும்பிய பர்மியத் துறவிகள் சிலர் கப்பல் உடைந்து நாகப்பட்டினம் வந்ததைச் சொல்கிறது. பழைய விகாரம் இருந்த இடத்தை அவர்கள் பார்த்தனர். கடற்கரையில், சீன தேசத்து மகாராசனின் ஆணையால் அமைக்கப்பட்ட குகையில் இருந்த புத்தர் உருவத்தையும் வணங்கினர். சீனப் பயணி தன் நாட்டைப் பெருமைப்படுத்த எழுதினார் என்று யாரேனும் ஐயுற்றால், பர்மியத் துறவிகளுக்கு அப்படி ஒரு தேவை இல்லை. நாகை மக்களே அந்த இடத்தைச் சீனரோடு சேர்த்துச் சொல்லி வந்தார்கள் என்பதையே இது காட்டுகிறது.

எலியட் பார்த்த கோபுரம்

சென்னை மாகாண அதிகாரியும் அறிஞருமான வால்டர் எலியட் 1846இல் நாகப்பட்டினம் சென்று கோபுரத்தைப் பார்த்தார். பின்னர் 1878இல் இண்டியன் ஆண்டிக்குவரி இதழில் அதைப் பற்றி எழுதினார். நம்மிடம் உள்ள சிறந்த நேரடி விவரம் அதுவே. நாற்சதுரமான மூன்று நிலைக் கோபுரம். செங்கற்கள் சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தன. நிலைகளைப் பிரிக்கும் இடத்தில் கொடுங்கை போன்ற வரிசை. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் வாயில். உள்ளே மேல்தளம் பொருந்தியிருந்த தடம் சுவரில் தெரிந்தது. உச்சி திறந்து கிடந்தது. சிற்பமோ எழுத்தோ எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

வாங் தாயுவான் கண்ட எழுத்து ஐந்நூறு ஆண்டு கடற்காற்றில் அழிந்ததா, எழுத்திருந்த கல்லை யாரேனும் பெயர்த்து எடுத்தார்களா, அன்றி வாங் கண்டது வேறொரு கோபுரமா? இங்கேதான் அறிஞர் பிரிகின்றனர். புதுவெளிக் கோபுரம் சூளாமணி விகாரத்தின் எச்சமே என்பது ஒரு சாராரின் கருத்து. 1267இல் சீனர் கட்டியதே அது என்பது மறுசாராரின் கருத்து. இரண்டும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. ஸ்ரீவிசயத்தார் எழுப்பிய பள்ளி வளாகம் இருநூறு ஆண்டுகளில் பாழ்பட்டிருக்கும். அங்கே வழிபட்டு வந்த சீன வணிகர் ஒரு கோபுரத்தைப் புதிதாகக் கட்டியோ பழையதைப் புதுக்கியோ தம் மொழியில் நாள் குறித்திருக்கலாம். நம் கோயில்களில் சோழன் கட்டிய கருவறைக்கு முன்னால் நாயக்கர் மண்டபம் நிற்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

இடித்த கதை

பாண்டிச்சேரியை விட்டு வெளியேற நேர்ந்த இயேசு சபையினர் நாகப்பட்டினத்தில் தங்கி, கோபுரத்தைச் சூழ்ந்த நிலத்தைப் பெற்றிருந்தனர். அவர்கள் 1844இல் தொடங்கிய தூய வளனார் கல்லூரி வளர்ந்துவந்தது. 1856இல் அங்கே ஒரு பெரிய இலுப்பை மரத்தை வெட்டி வேரைத் தோண்டியபோது புத்தர் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. ஒன்றின் பீடத்தில் தமிழ் எழுத்தில் ஆகமபண்டிதர், உய்யக்கொண்ட நாயகர் என்ற பெயர்கள் இருந்தன. பெயரைப் படித்தால் சைவரா பௌத்தரா என்று சொல்வது கடினம்.

கோபுரம் பழுதடைந்திருந்தது. விழுந்துவிடும் என்ற அச்சம் சொல்லப்பட்டது. பழுதுபார்த்துக் காக்கலாம் என்ற யோசனையும் 1850களின் இறுதியில் அரசுக் கோப்புகளில் இருந்தது. ஆனால் யாரும் பணம் ஒதுக்கவில்லை. 1867இல் சபையினர், தாமே இடித்துக்கொள்கிறோம், செங்கல்லைக் கட்டட வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று மீண்டும் விண்ணப்பித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 28இல் சென்னை அரசு அனுமதி கொடுத்தது.

பழியைச் சபையினர் மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. நிலம் அவர்களுடையது, இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது, சமயப் பற்றும் இருந்தது. ஆனால் அனுமதி கொடுத்தது அரசு. அதன் வரலாற்று மதிப்பு அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. எலியட் போன்றோர் பார்த்து, படமும் வரைந்து வைத்திருந்தார்கள். இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையே அதற்கு ஆறாண்டுகளுக்கு முன் 1861இல் தொடங்கப்பட்டுவிட்டது. ஊராரில் எவரும் எதிர்த்ததாகவும் தெரியவில்லை. வழிபடுவோர் இல்லாத கட்டடத்துக்குப் பரிந்து பேச ஊரில் யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று.

இடித்து முடித்துப் பதினாறு ஆண்டுகளில், 1883இல், கல்லூரி நாகையை விட்டுத் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றுவிட்டது.

1856 தொடங்கி 1930கள் வரை வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு ஆகிய இடங்களில் மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் பல சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. டி. என். இராமச்சந்திரன் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை அந்த அருங்காட்சியகம் 1954இல் வெளியிட்டது. சீனக் காசுகளும் சீனப் பீங்கான் ஓடுகளும் கழிமுகத்து ஊர்களிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் தெற்கே பெரியபட்டினம் வரையிலும் கிடைத்திருக்கின்றன.

அடுக்களையில் சீனச்சட்டி, சவரக் கடையில் சீனக்காரம், தேநீரில் சீனி என்று நாட்டின் பெயர் தமிழ் வீடுகளில் புழங்கிக்கொண்டேயிருக்கிறது. வாங் தாயுவான் படித்த அந்த எழுத்துக் கல் மட்டும் இதுவரை கிடைக்கவில்லை. நாகையில் பழைய மனைகளைத் தோண்டி அடித்தளம் போடுகிறவர்கள், சதுரமும் கோடுமாகச் செதுக்கிய கல் ஏதும் கண்ணில் பட்டால், உடைப்பதற்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ ஒரு வார்த்தை சொல்வது நல்லது.